25 வருஷம் கழித்துத் தன் பாட்டையே உடைத்துப் பார்த்த பேண்ட்

ஒரு ராக் பேண்ட் 20 வருஷத்தைத் தாண்டிவிட்டால், அதன் புது ஆல்பத்துக்கான விமர்சனத்தில் பாதி ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். பிடித்திருந்தால் "பழைய ஃபார்முக்கு வந்துவிட்டார்கள்", சுமாராகப் பட்டால் "வயதுக்கேற்ற நிதானம்". இரண்டுமே அந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு இல்லை, எழுதுகிறவர் தன் இருபது வயதில் கேட்ட ஏதோ ஒன்றைப் பற்றிய பேச்சு. ஒரு நாவலாசிரியர் ஐம்பது வயதில் தன் சிறந்த நாவலை எழுதினால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ராக் இசைக்கு மட்டும் அந்த இடத்தை யாரும் கொடுப்பதில்லை. முதல் மூன்று ஆல்பத்தோடு கதை முடிந்தது, மிச்சமெல்லாம் பின்னிணைப்பு என்கிற மாதிரியே பேசுவார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பதிலாக நான் எப்போதும் எடுத்து நீட்டுகிற ஆல்பம் ஒன்று இருக்கிறது. லோ என்கிற பேண்டின் 'டபுள் நெகட்டிவ்'. 2018 செப்டம்பர் 14 அன்று சப் பாப் லேபிளில் வெளிவந்தது. அவர்களுடைய பன்னிரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம், பேண்ட் தொடங்கி 25 வருஷம் ஆன பிறகு வந்தது. அந்த வருஷம் அன்கட் பத்திரிகை ஆண்டின் சிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. பிட்ச்ஃபோர்க் என்கிற இசை இணையதளத்திலும் உச்சிமேல் வைத்துப் பாராட்டினார்கள். அதே நேரம், பல வருஷ ரசிகர்களில் சிலர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியாமல் அணைத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னது: "இது பழைய லோ இல்லை". அங்கேதான் எனக்கு இரண்டு பேரோடும் சண்டை. இது பழைய லோ-தான். அவர்கள் முதல் நாளிலிருந்து என்ன செய்துகொண்டிருந்தார்களோ, அதையே கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்த ஆல்பம் இது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் டுலூத் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1993-ல் தொடங்கியது இந்த பேண்ட். அலன் ஸ்பார்ஹாக் கிதாரும் குரலும், அவருடைய மனைவி மிமி பார்க்கர் டிரம்ஸும் குரலும். சின்ன வயதிலேயே ஒரே பள்ளியில் படித்தவர்கள், மார்மன் மதத்தைச் சேர்ந்தவர்கள். பேஸ் கிதார் வாசித்தவர்கள் மட்டும் காலப்போக்கில் மாறிக்கொண்டே இருந்தார்கள், 'டபுள் நெகட்டிவ்' காலத்தில் ஸ்டீவ் காரிங்டன். அமெரிக்கா முழுக்க கிரஞ்ச் என்கிற முரட்டு ராக்கின் சத்தம் காதைப் பிளந்த நேரத்தில் இவர்கள் மிக மெதுவாக, மிகச் சன்னமாக வாசித்தார்கள். மிமியின் டிரம்ஸ் என்பது ஆரம்பத்தில் ஒரு ஸ்நேர் டிரம், ஒரு சிம்பல் தட்டு, அவ்வளவுதான். நின்றுகொண்டு பிரஷ்ஷால் தேய்ப்பார். கூட்டம் பேசிச் சத்தம் போட்டால் மற்ற பேண்டுகள் வால்யூமை ஏற்றும், இவர்கள் இறக்கினார்கள் என்பது அந்தக் காலத்துப் புகழ்பெற்ற கதை. 1994-ல் வந்த முதல் ஆல்பமான 'ஐ குட் லிவ் இன் ஹோப்' இன்றைக்குக் கேட்டாலும் நடுக்கம் தரும். இரண்டு நோட்டுக்கு நடுவே அவர்கள் விடுகிற இடைவெளியில் நம் மூச்சு நமக்கே கேட்கும்.

சரி, 'டபுள் நெகட்டிவ்' எப்படி இருக்கும்?

முதல் பாட்டு 'குவோரம்'. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓட விட்டால், முதலில் வருவது இரைச்சல். சும்மா வருகிற இரைச்சல் இல்லை, துடிக்கிற இரைச்சல், ஒரு தாளத்தில் வீங்கி வீங்கிச் சுருங்குகிறது. அதற்குள் அலனின் குரல் இருக்கிறது, ஆனால் இரைச்சல் வீங்கும்போதெல்லாம் குரல் அமுங்கிப்போகிறது. கடலோரத்தில் நின்று பேசுகிறவரின் பேச்சு, அலை மோதும்போதெல்லாம் அறுந்து அறுந்து வருவதைப் போல. வார்த்தையைப் பிடிக்கலாம் என்று காதைக் கொடுத்தால் அதற்குள் அடுத்தது வந்துவிடும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுவது ரொம்ப இயல்பு, ஆல்பம் வந்தபோது பலருக்கும் தோன்றியது அதுதான்.

இதில் தொழில்நுட்ப ரீதியாக நடப்பது என்னவென்று தெரிந்தால் ரசனை இன்னும் கூடும். சைட்செயின் கம்ப்ரஷன் என்று ஒரு உத்தி. ஒரு ஒலி ஏறும்போது இன்னொரு ஒலியைத் தானாகக் கீழே அமுக்கும்படி அமைத்துவிடுவது. நடன இசையில் இது அன்றாடச் சமாச்சாரம். கிக் டிரம் விழும்போது பேஸ் அமுங்கி எழும், அந்த 'பம்ப்' தான் ஆட வைக்கிறது. அங்கே நோக்கம் தாளத்துக்கு இடம் விட்டு உடம்பை அசைப்பது. 'டபுள் நெகட்டிவ்' முழுக்க அதே மாதிரியான அமுங்கலும் எழலும் கேட்கிறது, ஆனால் அமுக்கப்படுவது மனிதக் குரல். பாட்டில் எதைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்களோ, அதையே முதலில் பலி கொடுக்கிறார்கள். டிஸ்டார்ஷனும் அப்படித்தான். ராக் இசையில் கிதார் கரகரப்பது வழக்கம், இங்கே மொத்த மிக்ஸும் கரகரக்கிறது, பாட்டின் எல்லாப் பாகமும் சேர்ந்து ஒரே நேரத்தில் உடைகிறது.

இதற்கு உறுதுணை பி.ஜே. பர்ட்டன். போன் ஐவேர் என்கிற பேண்டின் '22, எ மில்லியன்' ஆல்பத்தில் வேலை செய்த புரொட்யூசர், 2015-ல் லோவின் 'ஒன்ஸ் அண்ட் சிக்ஸஸ்' ஆல்பத்தையும் இவர்தான் பார்த்துக்கொண்டார். ரெக்கார்டிங் நடந்தது விஸ்கான்சினில், ஓ க்ளேர் பக்கம் இருக்கிற போன் ஐவேரின் பாடகர் ஜஸ்டின் வெர்னானின் ஏப்ரல் பேஸ் ஸ்டுடியோவில். வழக்கமாக லோ வீட்டில் பாட்டை எழுதி, பயிற்சி செய்து, முழுசாக முடித்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்குள் நுழைவார்கள். இந்த முறை அரைகுறை வரைவுகளோடு போய், சில நாள் வேலை செய்து, திரும்பி வந்து, மறுபடி போய் என்று ஏறக்குறைய இரண்டு வருஷம் இழுத்தார்கள். ஒரு பாட்டைக் கட்டுவது, பர்ட்டனோடு சேர்ந்து இடிப்பது, இடிபாட்டிலிருந்து இன்னொன்றைக் கட்டுவது. 20 வருஷத்துக்கு மேல் ஒரே முறையில் வேலை செய்து பழகியவர்கள் இப்படித் தங்கள் கைப்பக்குவத்தை இன்னொருவர் கையில் விட்டுக்கொடுப்பது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. பெரும்பாலான பேண்டுகள் அந்த வயதில் புரொட்யூசரை மாற்றுவார்கள், வேலை செய்கிற முறையை மாற்ற மாட்டார்கள்.

இப்போது "பழைய லோ இல்லை" என்கிற பேச்சுக்கு வருகிறேன்.

1994-ல் அவர்கள் ராக் இசையிலிருந்து வேகத்தை எடுத்தார்கள், சத்தத்தை எடுத்தார்கள், டிரம் செட்டில் முக்கால்வாசியை எடுத்தார்கள். எடுத்த பிறகும் பாட்டு நின்றது. ஏன் நின்றது என்றால், அலனும் மிமியும் சேர்ந்து பாடும்போது வருகிற அந்த ஹார்மனி. ஒரு குரல் கொஞ்சம் கரடு, ஒரு குரல் கண்ணாடி, இரண்டும் சேர்ந்தால் தேவாலயப் பாட்டின் சாயல். அதற்கப்புறம் ஆல்பத்துக்கு ஆல்பம் இதே சோதனைதான், எடுக்கிற பொருள் மட்டும் மாறியது. 2007-ல் வந்த 'டிரம்ஸ் அண்ட் கன்ஸ்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், குரல் பெரும்பாலும் வலது காதில் மட்டும் வரும், இடது பக்கம் வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கும். குரல் நடுவில் இருக்க வேண்டும் என்கிற சம்பிரதாயத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதும் பலருக்குப் பிடிக்கவில்லை, அப்போதும் பாட்டு நின்றது. 2018-ல் எடுத்தது தெளிவை. எந்த வார்த்தை, எந்தக் கருவி, எது பிழை, எது வேண்டுமென்று செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குத் தெளிவை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த இரண்டு குரல் சேரும் இடம் வந்தால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. இதை விட்டுவிட்டு 'புதிய பாதை' என்று எழுதினால், பாதை எங்கே தொடங்கியது என்பதையே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2013 ஜூனில் மினியாபொலிஸில் ராக் தி கார்டன் என்கிற விழா, மழை பெய்து தாமதமான நாள். லோ மேடையேறி, 'டூ யூ நோ ஹவ் டு வால்ட்ஸ்' என்கிற ஒரே பாட்டை ஏறத்தாழ அரை மணி நேரம் நீட்டி முழக்கினார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் அந்த ஒரு பாட்டுத்தான். முடிவில் அலன் சொன்னது மூன்றே வார்த்தை: "டிரோன், நாட் டிரோன்ஸ்". நீளும் ஒற்றைச் சுருதி வேண்டும், குண்டு போடும் டிரோன் விமானம் வேண்டாம் என்று. அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சொந்த மாநிலத்து ரசிகர்களே காசை வீணாக்கிவிட்டார்கள் என்று கொதித்தார்கள், இன்னொரு பகுதி தாங்கள் பார்த்ததிலேயே மகத்தான நிகழ்ச்சி இதுதான் என்றது. பிறகு அந்த மூன்று வார்த்தையைப் பெயராக வைத்து, 28 மணி நேரம் இடைவிடாத டிரோன் இசை நிகழ்ச்சி ஒன்று மினியாபொலிஸில் நடக்கத் தொடங்கியது, வருகிற பணம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் போனது. ரசிகர்களின் கோபத்தை வாங்கிக்கொள்கிற துணிச்சல் இவர்களுக்கு 2018-ல் திடீரென்று வந்த ஒன்றில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பில் இன்னொரு விஷயமும் எனக்கு இடிக்கிறது. பல விமர்சனங்கள் இதை டிரம்ப் காலத்து அமெரிக்காவின் ஆல்பம் என்று வாசித்தன. அந்த வாசிப்பு தவறு என்று சொல்ல மாட்டேன். ஆல்பம் உருவான காலத்தை வைத்துப் பார்த்தால் அதைத் தவிர்க்கவும் முடியாது, சேதியும் பொய்யும் கூச்சலும் ஒன்றோடொன்று கலந்து எதையும் நம்ப முடியாமல் போன காலம். உண்மையும் இரைச்சலும் பிரியாத ஒரு ஒலி அதற்குப் பொருந்தத்தான் செய்யும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாட்டுக்குள் இருக்கிற சின்னச் சின்ன மனித விஷயங்கள் காணாமல் போகின்றன. 'ஆல்வேஸ் டிரையிங் டு வொர்க் இட் அவுட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவர் மளிகைக் கடையில் தெரிந்த ஒருவரைப் பார்க்கிறார், போய்ப் பேசியிருக்கலாம், ஆனால் அவர் ஏதோ அவசரத்தில் இருப்பது போலத் தெரிந்தது, பேசவில்லை. இவ்வளவுதான் விஷயம். யாருக்கும் நடக்கிற ஒன்று. குரலின் ஓரங்களெல்லாம் பிய்ந்து, சுருதி நெளிந்து, பேஸ் அதிர்ந்துகொண்டிருக்கிற ஒரு ஒலிக்குள் இந்தச் சாதாரண வரிகளை வைத்திருக்கிறார்கள். அந்த நெளிவு எனக்கு ஆட்சியையோ தேர்தலையோ நினைவூட்டுவதில்லை. இரண்டு பேருக்கு நடுவே பேசாமல் விட்டதெல்லாம் சேர்ந்துபோய், கடைசியில் ஒரு வணக்கம்கூடச் சொல்ல முடியாத நிலை வருகிறதே, அதை நினைவூட்டுகிறது.

அப்புறம் 'ஃப்ளை'. இந்த ஆல்பத்தில் யாருக்காவது ஒரே பாட்டு போட்டுக் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் போடுவேன். மிமி இவ்வளவு உயரத்தில், இவ்வளவு மெல்லிய குரலில் பாடி நான் கேட்டதில்லை. கீழே பேஸ் தெளிவாக, பொறுமையாக நடக்கிறது, சுற்றிலும் ஏதோ ஒன்று சிதைந்துகொண்டே இருக்கிறது, குரல் மட்டும் எதுவும் படாமல் மேலே போகிறது. வெளியீட்டுக்கு முன்னால் 'குவோரம்', 'டான்சிங் அண்ட் பிளட்', 'ஃப்ளை' மூன்றையும் ஒரே தொடராகச் சேர்த்து வெளியிட்டார்கள், அது சரியான முடிவு. முதல் பாட்டின் அடிக்குப் பிறகு, இரண்டாவதின் மந்தமான இதயத்துடிப்பைக் கடந்து மூன்றாவதுக்கு வரும்போதுதான் அந்தக் குரலின் மதிப்பு தெரியும். தனியாக எடுத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

'டான்சிங் அண்ட் ஃபயர்' வரும்போது ஆல்பம் முக்கால்வாசி முடிந்திருக்கும். திடீரென்று இரைச்சல் விலகிவிடுகிறது. ஒரு கிதார், இரண்டு குரல், 1994-ன் லோ அப்படியே. இது முடிவு இல்லை, நம்பிக்கையின் முடிவு மட்டும்தான் என்கிற பொருளில் ஒரு வரி வரும். கடைசிப் பாட்டான 'டிஸ்அரே' இன்னும் நேரடி, எல்லாம் குலைந்துபோவதற்கு முன்னால் வேறு மாதிரி வாழக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்கிறது. இந்த வரிகள் காகிதத்தில் பார்த்தால் சாதாரணமாக, கொஞ்சம் பெரிய வார்த்தையாகக்கூடத் தெரியலாம். முக்கால் மணி நேரத்துக்கு அருகில் இரைச்சலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து கேட்கிற காதுக்கு அப்படித் தெரியாது.

பழைய ரசிகர்கள் சொன்ன ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது. "இதெல்லாம் ஸ்டுடியோ வித்தை, உள்ளே பாட்டே இல்லை" என்பது. இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் அவர்கள் ஸ்டுடியோ ஒலியை மேடையில் நகலெடுக்க முயலவில்லை. கிதார், பேஸ், டிரம்ஸ் என்று வழக்கமான மூவராக நின்று அதே பாட்டுகளை வாசித்தார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் முழுமையான பாட்டு என்பது பளிச்சென்று தெரிகிறது, மெட்டும் வரியும் அசையாமல் நிற்கின்றன. உள்ளே எலும்பு உறுதியாக இருந்ததால்தான் வெளியே அவ்வளவு உடைக்க முடிந்தது.

2021 செப்டம்பரில் 'ஹே வாட்' வந்தது. மறுபடியும் பர்ட்டன், ஆனால் இந்த முறை அலனும் மிமியும் மட்டும். இங்கே ஒரு அழகான மாற்றம். கருவிகள் எல்லாம் இன்னும் கொடூரமாகக் கிழிபடுகின்றன, ஆனால் குரல்களை முன்னால் கொண்டுவந்து தெளிவாக நிறுத்திவிட்டார்கள். முந்தைய ஆல்பத்தில் குரலையும் புதைத்துப் பார்த்தாயிற்று, இப்போது அதை மட்டும் காப்பாற்றலாம் என்று முடிவெடுத்த மாதிரி. விமர்சகர்கள் ஒரே குரலில் கொண்டாடினார்கள், ஒலிப்பதிவுக்காக கிராமி பரிந்துரையும் கிடைத்தது. 'டபுள் நெகட்டிவ்' காதுகளைப் பழக்கியிராவிட்டால் 'ஹே வாட்' ஆல்பத்துக்கு இந்த ஒருமித்த வரவேற்பு கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். தனிப்பட்ட முறையில் எனக்கு முந்தையதுதான் பெரியது. 'ஹே வாட்' நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது, 'டபுள் நெகட்டிவ்' அப்படிக் கூட்டிப்போவதில்லை, நாமாகத்தான் உள்ளே போக வேண்டும்.

2022 நவம்பர் 5 அன்று மிமி பார்க்கர் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். வயது 55. அதோடு லோவும் முடிந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் உலகம் முழுக்க ரசிகர்கள் எழுதிய குறிப்புகளில் பெரும்பாலும் இருந்தது அவருடைய குரலைப் பற்றித்தான், அவர் டிரம்ஸ் வாசித்த விதத்தைப் பற்றி மிகக் குறைவு. எனக்கு அது வருத்தம். எவ்வளவு குறைவாக அடித்தாலும் தாளம் நிற்கும் என்று காட்டியவர் அவர், இந்த பேண்டின் மொத்தத் தத்துவமும் அந்த ஒற்றை ஸ்நேரிலிருந்து தொடங்கியது.

அவர் போன பிறகு, 'டபுள் நெகட்டிவ்' ஆல்பத்தை மரணத்தின் முன்னறிவிப்பாகக் கேட்கிற பழக்கம் பரவியிருக்கிறது. அமுங்கிப்போகிற குரல், நம்பிக்கையின் முடிவு என்கிற வரி, எல்லாவற்றையும் பின்னோக்கிப் பொருத்துகிறார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படிக் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோய் கண்டறியப்பட்டது 2020 டிசம்பரில், ஆல்பம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. இது ஒரு பிரியாவிடை ஆல்பம் இல்லை. ஆரோக்கியமாக, ஆர்வமாக, நிறையப் பாட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நம்பிய இரண்டு பேர், யாரும் கட்டாயப்படுத்தாமல், தங்களுக்கு நன்றாகக் கைவந்த ஒன்றைப் பணயம் வைத்த ஆல்பம். விதி என்று சொல்லிவிட்டால் அந்தத் துணிச்சலுக்கான பெருமை அவர்களிடமிருந்து பறிபோகிறது. மிமி அந்தக் குரலை அப்படிப் பாடத் தேர்ந்தெடுத்தார், அப்படி நசுக்க அனுமதித்தார். அது ஒரு கலைஞரின் முடிவு.

அலன் 2024 செப்டம்பரில் 'ஒயிட் ரோசஸ், மை காட்' என்று தனி ஆல்பம் போட்டார். தன் குரலை மென்பொருள் வழியாக உயரமாக, யாருடையது என்றே தெரியாதபடி மாற்றிக்கொண்டு பாடியிருக்கிறார். மறுபடியும் அதே இரண்டு தரப்பு, சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். மிமியின் குரல் பக்கத்தில் இல்லாமல் தன் குரலைத் தன் குரலாகவே கேட்க முடியாத ஒருவர் செய்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது, முதல் முறை கேட்டபோது பாதியில் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மீதியைக் கேட்டேன். அடுத்த வருஷம் டுலூத்தின் டிராம்பிள்ட் பை டர்ட்டில்ஸ் என்கிற நாட்டுப்புற இசைக்குழுவோடு சேர்ந்து இன்னொரு ஆல்பம். அதில் அலனின் சொந்தக் குரல், எந்த மாற்றமும் இல்லாமல்.

லோவைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'டபுள் நெகட்டிவ்'-ல் தொடங்கலாமா என்று கேட்பதுண்டு. தாராளமாகத் தொடங்கலாம், பழையதைக் கேட்டுவிட்டு வந்தவர்களைவிட உங்களுக்கு எதிர்பார்ப்பின் சுமை குறைவு. இரண்டு நிபந்தனை மட்டும். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், கீழ் ஒலி மொத்தமும் போய்விடும், மிஞ்சுவது வெறும் கரகரப்பு. பாட்டுகளைக் கலைத்துப் போடவும் வேண்டாம், ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரியாதபடி சேர்த்திருக்கிறார்கள், வரிசையில்தான் பாதி அர்த்தம். முடிந்ததும் நேராக 'ஐ குட் லிவ் இன் ஹோப்' ஆல்பத்தைப் போடுங்கள், நடுவில் இருக்கிற பத்தும் காத்திருக்கும்.